பார்ஜை மாடுபோல் கட்டுகிறவன்

மாரண்டஹள்ளியில் யாரிடமாவது நான் டக் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "டக்குன்னா?" என்பார்கள். பார்ஜைத் தண்ணீரில் இழுக்கிற, தள்ளுகிற சின்ன எஞ்சின் கப்பல் என்பேன். "பார்ஜுன்னா?" என்பார்கள். எஞ்சின் இல்லாத, தட்டையான, பெரிய இரும்புத் தெப்பம், மேலே கிரேன் நிற்கும், லாரி நிற்கும் என்று கையை விரித்துக் காட்டுவேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப பரிசல் ஓட்டறீங்க" என்று முடிப்பார்கள். இருபது வருஷம் ஷார்ஜாவிலும் அபுதாபியிலும் பாறாங்கல் ஏற்றிய பார்ஜைக் கடலில் இழுத்தவன் நான். சர்தார் என்கிற எனக்குச் சொந்த ஊர் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, மாதேஸைப் பற்றி. ஊர்க்காரர்களாவது பார்ஜைப் பார்க்காமல் சொல்கிறார்கள். மாதேஸ் என்னோடு அதே பார்ஜில் வருஷக்கணக்காக வேலை பார்த்துக்கொண்டே, அதைப் பெரிய பரிசல் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

பென்னாகரத்தைத் தாண்டி மலையிறங்கினால், காவிரி மேட்டூர் அணைக்காகத் தேங்கி அகலமாகக் கிடக்கும். இந்தக் கரை தர்மபுரி, அந்தக் கரை சேலம். நடுவில் பாலம் கட்டுகிறார்கள். தண்ணீருக்குள் தூண் எழுப்பும் இடத்துக்கு கிரேன், கம்பி, கான்கிரீட் கலக்கும் லாரி எல்லாவற்றையும் கொண்டுபோவது எங்கள் பார்ஜ். டக்கை அதன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நான் தள்ளுவேன். மாதேஸ் கலாசி. கயிறு போடுவது, கட்டுவது, அவிழ்ப்பது, பார்ஜின் வயிற்றுக்குள் கசிந்த தண்ணீரை பம்ப் வைத்து இறைப்பது எல்லாம் அவன் பாடு. அவன் மனைவி பழனியம்மாள் பார்ஜின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஆட்களுக்குச் சமைக்கிறாள். களியும் மீன்குழம்பும் அவள் கையில் அப்படி இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் இன்னும் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறேன்.

மாதேஸ் ஐம்பதை நெருங்குகிறவன். பிறந்ததே பரிசலில் என்பான். சும்மா அளக்கிறான் என்று நினைத்தேன். அவன் ஊரே சாட்சி சொல்கிறது. அவன் ஆத்தாளுக்கு வலி எடுத்து அக்கரைக்குக் கொண்டுபோகும்போது பாதித் தண்ணீரில் பிறந்துவிட்டானாம். அதிலிருந்து நான் வரும்வரை பரிசலைத் தவிர வேறு எதிலும் துடுப்பு போட்டவன் இல்லை. நல்ல உழைப்பாளி, பொய் சொல்ல மாட்டான், குடிக்க மாட்டான். இவ்வளவு நல்லவனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தினமும் தலையில் அடித்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். நான் இருக்கிறேன்.

கம்பெனி கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை அவன் ஒரு நாளும் போட்டதில்லை. எங்கேயா என்று கேட்டால், "பத்தரமா இருக்குதுங்க பாய்" என்பான். ஒருநாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பழனியம்மாளின் கோழி அதன்மேல் உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை எழுப்பினால் முட்டை கெட்டுப்போகும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். சைட் இன்ஜினியர் திருமால் அன்றைக்குப் பார்த்துச் சோதனைக்கு வந்தார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

காலையில் எங்கள் வேலை எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பதில் தொடங்கும். எஞ்சின் எண்ணெய், டீசல், பேட்டரி, அடித்தளத்துத் தண்ணீர் எல்லாம் பார்த்து, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, லாரியைப் பலகை வழியாகப் பார்ஜில் ஏற்ற வேண்டும். சுமை ஒரு பக்கம் சாயாமல் நிறுத்த வேண்டும். அப்புறம்தான் கயிற்றை அவிழ்ப்பது. கான்கிரீட் இறுகிப்போவதற்குள் தூணுக்குப் போயாக வேண்டும், அதனால் நிமிஷத்துக்கொரு தடவை நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். மாதேஸுக்கு அந்த அவசரம் கிடையாது. எதிரில் ஒரு பரிசல் வந்தால் போதும், கையை ஆட்டி டக்கை நிறுத்தச் சொல்வான்.

"என்னய்யா இப்ப?"

"பரிசல்ல ஆளு வருதுங்க பாய். நம்ம அலையில ஆடிப்போயிருவாங்க. அவுங்க போவட்டும்."

"வேகத்தக் கொறைச்சுட்டனேய்யா!"

"கொறைச்சா பத்தாதுங்க. நிக்கணும்."

நிற்பேன். பரிசலில் இருக்கிறவனோ அவசரமே இல்லாமல் மாதேஸிடம் வீட்டு நலம், மாட்டு நலம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போவான். பின்னால் லாரி டிரைவர் ஹாரன் அடிப்பான். தண்ணீர் நடுவில் நின்றுகொண்டு ஹாரன்! யாருக்கு அடிக்கிறான், மீனுக்கா?

பார்ஜில் ஆள் ஏற்றக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழேயே ஒரு நாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையில் நிச்சயதார்த்தமாம். இன்னொரு நாள் ஒரு கிழவர் ஆட்டுக்கிடாவைப் பிடித்துக்கொண்டு கிரேன் நிழலில் நின்றார். நான் மாதேஸைப் பிடித்து உலுக்கினேன்.

"பலகைய படிச்சியா இல்லியா?"

"படிச்சன் பாய். ஆளு ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்குது."

"அப்ப இது யாரு?"

"இது ஆளு இல்லீங்க, எங்க சித்தப்பன்."

இதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது? கிடாயை இறக்கிவிட்டால் கிழவர் இறங்க மாட்டார். கிழவரை இறக்கினால் கிடாய் கத்தும். கூட்டிக்கொண்டுதான் போனேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கயிறு விஷயம்தான் என் ஆயுளைக் குறைத்தது.

பரிசல்காரன் வேலை முடிந்ததும் என்ன செய்வான்? பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறி வீட்டு வாசலில் சாத்திவிடுவான். ராத்திரி அதைத் தண்ணீரில் விட்டுவைக்கிற வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. அதனால் தண்ணீரில் கிடக்கிற ஒன்றை எப்படிக் கட்டுவது என்று மாதேஸுக்குத் தெரிய வழியே இல்லை. அவன் வாழ்நாளில் கயிறு போட்டுக் கட்டியது மாட்டைத்தான். பார்ஜையும் அப்படியே கட்டுவான். கரையில் அடித்த இரும்பு முளைக்கு நெருக்கி இழுத்து, மூச்சுவிட முடியாதபடி முடிச்சுமேல் முடிச்சு.

இது கடல் அல்ல, அணைத்தண்ணீர். கீழே பாசனத்துக்குத் திறந்தால் மடமடவென்று இறங்கும். கர்நாடகாவில் மழை கொட்டினால் ராத்திரியோடு ராத்திரியாக ஆள் உயரத்துக்கு ஏறும். பார்ஜும் கூடவே ஏறி இறங்க வேண்டும், அதற்குக் கயிறு தளர்வாக இருக்க வேண்டும். இதை நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன், கையில் சொன்னேன், களித்தட்டில் தண்ணீர் ஊற்றித் தீப்பெட்டியை மிதக்கவிட்டும் காட்டினேன்.

"புரிஞ்சுதா மாதேசு?"

"நல்லா புரிஞ்சுதுங்க பாய். ஆனா லூசா கட்டுனா காத்துக்கு இப்பிடியும் அப்பிடியும் போவுதுங்க. பாக்கவே பக்குன்னு இருக்குது."

"போவட்டும்யா! பார்ஜுன்னா ஆடத்தான் செய்யும்!"

"எங்கூட்டு எருமைய இப்பிடி உட்டா வெடியறதுக்குள்ள அடுத்தவன் சோளக்கொல்லைய மேஞ்சுபுடும் பாய்."

ஒரு தடவை கோடையில் தண்ணீர் இறங்கி, இறுக்கிக் கட்டிய கயிற்றில் பார்ஜின் ஒரு மூலை தொங்கியேவிட்டது. பழனியம்மாளின் சாம்பார் அண்டா சரிந்து மொத்தமும் ஆற்றில். கோடாரியால் கயிற்றை வெட்டினோம். அப்போதும் மாதேஸ் கயிற்றைத்தான் திட்டினான். அதற்குப் பிறகு சாயங்காலம் கட்டும் வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஆஷிகாவின் நிக்காஹ் நடந்தபோது நான் அபுதாபிக் கடலில் இருந்தேன். புயல் எச்சரிக்கை, ஒருவரையும் கரைக்கு விடவில்லை. கல்யாணத்தைப் போனில்தான் கேட்டேன். மாப்பிள்ளை முதசிர், ஏற்றுக்கொண்டேன் என்று கபூல் சொல்கிற இடத்தில் லைன் போய்விட்டது. அந்தப் போனை மைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றவள் சின்னவள் ஹீனா. அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாளாம், "என் கல்யாணத்துக்கும் அத்தா போன்லதான் வருவார்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று. ஷார்ஜா சம்பளத்தை விட்டுவிட்டு நான் இந்தக் காவிரித் தண்ணீருக்கு வந்து சேர்ந்ததே அதற்காகத்தான்.

ஹீனாவின் நிக்காஹ் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவானது. மாரண்டஹள்ளி மண்டபத்தில், காலை பதினொரு மணிக்கு. எனக்குப் பதிலாக நாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டிய ஆள், வருகிறேன் வருகிறேன் என்று கடைசியில் போனையே எடுக்கவில்லை. திருமால் நல்ல மனுஷன், ஒரு வழி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம பார்ஜ் ஓட வேணாம். கரையில கட்டிக் கெடக்கட்டும். நீங்க கல்யாணத்த முடிச்சிட்டு வாங்க. ஆனா மேல இருந்து தண்ணி வருதுன்னு சொல்றாங்க, பாத்துக் கட்டிட்டுப் போங்க."

பார்ஜ் ஒரே ஒரு நாள் கட்டிய இடத்தில் கிடக்க வேண்டும். நான் அல்லாஹ்விடம் கேட்டது அவ்வளவுதான். பெரிய ஆசையா அது?

சனிக்கிழமை சாயங்காலம் நானே கட்டினேன். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் தாங்குகிற மாதிரி கயிற்றைத் தாராளமாக விட்டு, டக்கைப் பார்ஜின் பக்கத்தில் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மாதேஸ் பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். "தொடாத. இத மட்டும் தொடாத" என்றேன். "செரிங்க பாய்" என்றான்.

விடிந்ததும் முதசிர் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் தங்கமான பையன். பென்னாகரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். முதல் வாய் உறிஞ்சவில்லை, போன் அடித்தது. பழனியம்மாள்.

"அண்ணா, நல்ல நாளும் அதுவுமா கூப்புடறன், கோவிச்சுக்காதீங்க."

"என்னம்மா?"

"கம்பி வளைக்கிற ஆளுங்களுக்கு களி கிண்டலாமுன்னு வந்தனுங்க. கிண்டிட்டே நிமுந்து பாத்தா கரை தள்ளிப் போயிட்டே இருக்குது."

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். "கரை எப்படிம்மா போவும்?"

"அதாங்கண்ணா, கரை போவல. நாங்கதான் போறம் போலிருக்குது."

தண்ணீர் ஏறியிருக்கிறது. பார்ஜும் ஏறியிருக்கிறது. முளைகளைக் கிழங்கு பிடுங்குவதுபோலப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. தாராளமாக விட்ட கயிறு எப்படி முளையைப் பிடுங்கும் என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. மாதேஸைக் கூப்பிட்டேன். மூச்சு இரைக்க எடுத்தான்.

"எங்கய்யா இருக்க?"

"பரிசல்ல பாய். பார்ஜு பின்னாடி போயிட்டிருக்கன்."

"கயித்த தொட்டியா?"

துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது.

"மாதேசு! தொட்டியா இல்லியா?"

"ராத்திரி நீங்க படுக்கப் போனப்பறம் பாத்தன் பாய். தொளதொளன்னு ஆடிட்டுக் கெடந்துச்சு. நீங்க ஊர்ல இல்லாத நாளு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உங்களுக்குப் போன் பண்ண வேண்டி வருமேன்னு இழுத்து நல்லா முடிஞ்சு உட்டன். நாலு முடிச்சு எச்சாத்தான் போட்டன்."

அடப்பாவி! எனக்குப் போன் வரக் கூடாது என்பதற்காக இறுக்கிக் கட்டியிருக்கிறான். அவனைத் திட்டுவதா, அழுவதா? நடுரோட்டில் நின்று இரண்டையும் செய்தேன். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

ஆற்றோட்டம் போகிற திசையில்தான் பாதி எழும்பிய தூண் நிற்கிறது. பார்ஜில் கிரேன் இருக்கிறது. இடித்தால் தூண் போகும், கிரேன் சாயும், கொட்டகையில் இருக்கிற பழனியம்மாள் என்ன ஆவாள்? நான் பைக்கைத் திருப்பச் சொன்னேன். முதசிர் சாவியைத் திருகவில்லை.

"மாமா, நீங்க மலையெறங்கி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அது இடிக்கிறதுன்னா இடிச்சிருக்கும், நிக்கறதுன்னா நின்னுருக்கும். போய் என்ன பண்ணுவீங்க?"

"நான் போவணும்டா."

"என் கல்யாணத்துக்கு உங்க குரலு மட்டும்தான் வந்துச்சு. இன்னிக்கும் அப்பிடித்தான்னா சொல்லிடுங்க, நான் போய் ஹீனாகிட்ட சொல்லிடறேன்."

இடித்துச் சொன்னாலும் அவன் சொன்னது சரி. கரையில் நின்று நான் கத்துவதை ரோட்டிலிருந்தே கத்தலாம். ஏறி உட்கார்ந்தேன். பைக் தர்மபுரியைப் பார்த்துப் போனது, என் வாய் காவிரியைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தது.

மாதேஸ் பார்ஜை எட்டிப் பிடித்து டக்கில் ஏறிவிட்டான். அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது, துடைத்ததைத் தவிர. பேட்டரி சுவிட்சைப் போடு என்றேன். போட்டுட்டன் என்றான். கியர் நடுவில் இருக்கிறதா பார் என்றேன். "நடுவுன்னா எது பாய்? ரெண்டு நடு இருக்குது" என்றான். இண்டூர் தாண்டும் வரைக்கும் அந்த நடுவைத் தேடினோம். சாவியைத் திருகச் சொன்னேன். இருமியது, நின்றது. மறுபடி திருகச் சொன்னேன். என் எஞ்சின் உயிர் பெறுகிற சத்தம் போனில் கேட்டதும் நான் போட்ட "அல்ஹம்துலில்லாஹ்"வில் முன்னால் போன தக்காளி டெம்போ ஓரம் கட்டியது.

"இப்ப பின்னாடி போடு! ரிவர்ஸு! தூணுகிட்ட போவாத! மெதுவா குடு, மெதுவா! யோவ், கேக்குதா? ரிவர்ஸுய்யா!"

"பாய்."

"என்ன?"

"நீங்க கத்தறதுல எஞ்சின் சத்தம் கேக்க மாட்டேங்குது."

"ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைய்யா!"

"பாய், நீங்க கல்யாணத்துக்குப் போங்க."

தொப் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன், அணைந்துவிட்டது என்றாள் அந்தப் போன்காரப் பெண். கொஞ்ச தூரம் போனதும் பழனியம்மாள் கூப்பிட்டாள். "அவரு போனு தண்ணியில வுழுந்துடுச்சுங்கண்ணா. தூணு கிட்டத்துல வருது, அப்பறமா..." என்றதோடு அதுவும் போனது. ஆறு திரும்பும் இடத்தைத் தாண்டினால் அங்கே சிக்னல் கிடையாது. திருமால் எடுக்கவில்லை. முதசிரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஓத முடிந்ததையெல்லாம் ஓதினேன்.

அங்கே நடந்ததைப் பழனியம்மாள் பிறகு சொன்னாள். மாதேஸ் ரிவர்ஸ் போடவே இல்லையாம். தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல், அது போகிற பக்கமே விட்டு, மூக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறான். தூணை ஒரு கோரைப்பாய் அகல இடைவெளியில் பார்ஜ் தாண்டியிருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கிரேன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். கீழே ஓட்டம் செத்த ஒரு மடுவில் அவன் பார்ஜைத் திருப்பி, பரிசலைக் கரையேற்றுவதுபோல, நேராகச் சேற்றில் ஏற்றி நிறுத்திவிட்டான். ஒரு மனுஷன் இரும்புப் பார்ஜைச் சேற்றில் ஏற்றுவானா? ஏற்றினான். அதை மறுபடி தண்ணீரில் இறக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது, அடித்தகடு இரண்டு இடத்தில் நெளிந்தது, கம்பெனியில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். கதையின் கடைசியில் பழனியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போனு வுழுவலைங்கண்ணா. அவரேதான் வுட்டாரு. 'கையில இருந்தா பாய் பேசிட்டேதான் இருப்பாரு, அங்க புள்ளயப் பாக்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டு வுட்டாரு. நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க."

ஆனால் மண்டபத்துக்குள் நுழையும்போது இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. முதசிரின் மண்டியில் சட்டை மாற்றிக்கொண்டேன். கையை எவ்வளவு தேய்த்தும் டீசல் வாடை போகவில்லை. என் மனைவி ரஹமத் பீவி வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். "வந்தாச்சுல்ல, உள்ள போங்க" என்றாள். அதில் ஆயிரம் திட்டு இருந்தது.

மேடையில் நிக்காஹ் செய்துவைக்கிற ஹஜ்ரத்தும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். குத்பா என்கிற நிக்காஹ் பிரசங்கத்தை ஓதினார்கள். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். நானும் குனிந்திருந்தேன், மடியில் இருந்த போனை நோக்கி. ஒரு அழைப்பும் வரவில்லை. பழனியம்மாளின் முகம் வந்து வந்து போனது. குத்பா முடிந்தது.

"பொண்ணோட அத்தா, கிட்ட வாங்க. வலது கையால மாப்பிள்ளை கையைப் புடிங்க" என்றார் ஹஜ்ரத்.

அப்போது பார்த்துப் போன் அதிர்ந்தது. திருமால். என் வலது கையில்தான் அது இருந்தது. மாப்பிள்ளை பாவம், கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். எடுத்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு வார்த்தை, பிழைத்தாளா இல்லையா என்று. யா அல்லாஹ், அந்தப் பெயர் மின்னி மின்னி அடங்குகிற நேரம் எனக்கு ஒரு யுகம். மண்டபமே என்னைப் பார்த்தது. ஹஜ்ரத் தொண்டையைக் கனைத்தார். நான் போனைப் பின்னால் நின்ற முதசிரிடம் நீட்டினேன்.

"ஆஃப் பண்ணிடு" என்றேன்.

"மாமா, இன்ஜினியர்..."

"ஆஃப் பண்ணுடா!"

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். வேர்த்திருந்தது. ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, என் மகள் ஹீனாவை, நீங்கள் தருவதாகப் பேசிய மஹர் பணத்துக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொன்னேன். காலையிலிருந்து எஞ்சினுக்கு மேல் கத்தி வந்த தொண்டை, அந்தக் குரலிலேயே சொல்லிவிட்டது. மைக் அலறியது. "மெதுவாங்க, மாப்பிள்ளை பக்கத்துலதான் இருக்காரு" என்றார் ஹஜ்ரத். மண்டபம் சிரித்தது. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. மாப்பிள்ளை கபூல் சொன்னார். இந்தத் தடவை கடைசி எழுத்துவரை கேட்டேன்.

துஆ முடிந்து எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்திய பிறகு ஹீனாவைப் பார்க்க உள்ளே போனேன். அந்த அறையில் ஹீனாவும் ஆஷிகாவும் மட்டும் இருந்தார்கள். அக்கா தங்கைக்குத் தலையில் பூவைச் சரி செய்துகொண்டிருந்தாள். விஷயம் என்னைவிட வேகமாக உள்ளே வந்து சேர்ந்திருந்தது.

"அத்தா, பார்ஜ் கெடைச்சிடுச்சா?" என்றாள் ஹீனா.

"தெரியலம்மா."

"அந்த அக்கா, சமைக்கிறவங்க?"

"தெரியல. இன்ஜினியர் கூப்பிட்டாரு. எடுக்கல."

"அப்பறமாவது பேசுனீங்களா?"

"இல்லம்மா. போன் முதசிர்கிட்ட இருக்குது. இனிமேதான் கேக்கணும்."

மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நெஜமாவே வந்துட்டீங்க" என்றாள்.

ஆஷிகா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. அவள் கடைசி ஊசியைத் தங்கையின் தலையில் குத்தி முடித்தாள். பிறகு நாற்காலியில் கிடந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்கத்தா" என்றாள்.